தோட்டத்துத் திடலும் காற்பந்து வீரர்களும்



உங்கள் வீட்டில் யாராவது புகழ்பெற்ற காற்பந்து வீரர் ஒருவரை நேரில் கண்டு பேசியிருக்கிறார்களா? இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்கள் இருக்கும் வீடுகளில் பெரும்பாலும் ஏதாவது ஒரு கதை வெளிவரும். தாத்தா அரங்கத்துக்கு வெளியே காத்திருந்து கை குலுக்கியிருப்பார். மாமா ஒரு வீரரின் பூட்ஸ் காலணியைத் தூக்கிக்கொண்டு திடல் வரை நடந்திருப்பார். தோட்டத்து இறுதியாட்டத்துக்கு வந்த பயிற்றுநர் ஒருவருக்கு அத்தை தண்ணீர் கொடுத்திருப்பார். கல்யாண வீடுகளிலும் திருவிழாக் காலங்களிலும் நாம் சிரித்துப் பேசி மகிழும் இத்தகைய நினைவுகள் வெறும் பொழுதுபோக்குப் பேச்சு அல்ல. அவையும் இந்நாட்டு வரலாற்றின் ஒரு பகுதியே. அதை எப்படிப் புரிந்துகொள்வது, எப்படிக் காத்து வைப்பது என்பதுதான் இன்றைய பேச்சின் பொருள்.

முதலில் இந்நாட்டுக் காற்பந்தின் வரலாற்றைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1921ஆம் ஆண்டில் 'மலாயா' என்ற பெயருடைய பிரிட்டிஷ் போர்க்கப்பல் நம் கரைக்கு வந்தது. அந்தக் கப்பலைக் கட்டுவதற்கான பணத்தைக் கொடுத்தவை ஐக்கிய மலாய் மாநிலங்கள். அம்மாநிலங்களின் செல்வம் ஈயத்திலிருந்தும் ரப்பரிலிருந்தும் வந்தது. ஆகவே, ரப்பர் மரத்தடியில் நின்று பால் வெட்டிய நம் முன்னோரின் உழைப்பும் அதில் கலந்திருந்தது என்று சொல்லலாம். தங்களுக்குக் கிடைத்த வரவேற்புக்கு நன்றியாகக் கப்பலைச் சேர்ந்தவர்கள் இரண்டு கிண்ணங்களை வழங்கினார்கள். ஒன்று ரக்பி ஆட்டத்துக்கு, மற்றொன்று காற்பந்துக்கு. காற்பந்துக்குக் கொடுத்த கிண்ணமே மலாயாக் கிண்ணம் எனப் பெயர் பெற்றது. அதே ஆண்டில் கோலாலம்பூரில் நடந்த முதல் இறுதியாட்டத்தில் சிங்கப்பூர் 2-1 என்ற கோல் கணக்கில் சிலாங்கூரை வென்றது. 1967இல் அப்போட்டி மலேசியக் கிண்ணம் எனப் பெயர் மாறியது. சிலாங்கூர், பேரா, பினாங்கு, நெகிரி செம்பிலான், சிங்கப்பூர் என்று ஒவ்வோர் ஊராரும் தத்தம் குழுவின் பக்கம் நிற்கும் பழக்கம் இந்தக் கிண்ணத்தால் வேரூன்றியது.

தோட்டத்தில் காற்பந்து எப்படி வளர்ந்தது? அதற்குத் தோட்டத்து வேலை நேரமே ஒரு காரணம். விடியுமுன் பெரட்டுக்குப் போக வேண்டும். வெயில் ஏறுமுன் பால் வெட்டி முடிக்க வேண்டும். பிறகு பாலைச் சேகரித்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் நிறுக்க வேண்டும். பகலில் வீடு திரும்பிய இளைஞர்களுக்கு மாலைப் பொழுது மிச்சமாக இருந்தது. கோவில், பள்ளிக்கூடம், லயங்கள், கடை இவற்றோடு ஒரு திடலும் பல தோட்டங்களில் இருந்தது. இரண்டு பக்கமும் மரக்கம்பு நட்டால் கோல் கம்பம். காலில் காலணி இருக்காது. ஆனால் மாலை ஐந்து மணிக்குத் திடலைச் சுற்றி ஊரே கூடியிருக்கும். பக்கத்துத் தோட்டத்துக் குழு வரும். பட்டணத்திலிருந்து போலீஸ், ரயில்வே, பொதுப்பணி இலாகா போன்றவற்றின் குழுக்களும் வரும். அந்தக் குழுக்களில் மாநிலத்துக்கு ஆடியவர்களும் இருந்தார்கள். பெரிய ஆட்டக்காரர்களை நம் பெரியவர்கள் முதன்முதலில் மிக அருகில் பார்த்தது பெரும்பாலும் அந்தத் திடல்களில்தான்.

நாடு விடுதலை பெற்ற 1957ஆம் ஆண்டு, மெர்டேக்கா அரங்கம் ஆகஸ்டு 30ஆம் நாள் திறக்கப்பட்டது. மறுநாள் அங்கேதான் விடுதலைப் பிரகடனம் வாசிக்கப்பட்டது. அதே ஆண்டில் மெர்டேக்கா கிண்ணப் போட்டியும் தொடங்கியது. நம் முதல் பிரதமர் துங்கு அப்துல் ரகுமான் காற்பந்தில் பெரும் ஆர்வம் உடையவர். 1951 முதல் 1974 வரை நாட்டின் காற்பந்துச் சங்கத்துக்கும், 1958 முதல் 1977 வரை ஆசியக் காற்பந்துச் சம்மேளனத்துக்கும் அவரே தலைவர். மெர்டேக்கா கிண்ணத்தை மலாயா 1958, 1959 ஆகிய ஆண்டுகளில் வென்றது. 1960இல் தென் கொரியாவுடன் பகிர்ந்துகொண்டது. புதிய நாட்டு மக்கள் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என்ற வேறுபாடின்றி ஒரே குழுவுக்காகக் கை தட்டக் கற்றுக்கொண்ட இடங்களுள் அந்த அரங்கமும் ஒன்று.

1963 டிசம்பரில் இந்நாட்டில் தொலைக்காட்சி தொடங்கியது. ஆனால் தோட்டத்து வீடுகளுக்கு அது வந்து சேரப் பல ஆண்டுகள் ஆயின. அதுவரை வானொலி வருணனைதான் எல்லாம். ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றி நான்கு வீட்டுக்காரர்கள் உட்கார்ந்து கேட்பார்கள். முகம் தெரியாத வீரர்களின் பெயர்கள் குழந்தைகளுக்குக்கூட மனப்பாடம். அப்படிக் காதால் மட்டும் கேட்ட ஒருவர் திடீரென்று கண்ணெதிரே வந்து நின்றால் எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்! அந்தச் சந்திப்புகள் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் மறக்காமல் இருப்பதற்கு இதுவே காரணம்.

எழுபதுகளே மலேசியக் காற்பந்தின் பொற்காலம் எனப் பலரும் கூறுவர். 1971இல் சியோலில் நடந்த தகுதிச் சுற்றில் நம் குழு ஜப்பானை 3-0 என்றும், தென் கொரியாவை 1-0 என்றும் வென்று, மியூனிக் ஒலிம்பிக் போட்டிக்குத் தகுதி பெற்றது. தென் கொரியாவுக்கு எதிரான அந்த ஒரே கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் சையத் அகமது. 1972இல் மியூனிக் சென்ற குழுவின் தலைவர் எம். சந்திரன். நம் தமிழர் ஒருவர் உலக அரங்கில் நாட்டின் குழுவுக்குத் தலைமை ஏற்றுச் சென்றார் என்பதை நம் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும். அங்கு நம் குழு மேற்கு ஜெர்மனியிடமும் மொரோக்கோவிடமும் தோற்றது. அமெரிக்காவை 3-0 என வென்றது. பினாங்கைச் சேர்ந்த நாமட் அப்துல்லா, ஷகாருடின் அப்துல்லா என்ற அண்ணன் தம்பி இருவரும் அக்குழுவில் இடம்பெற்றிருந்தனர்.

1974இல் தெஹ்ரானில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் மலேசியா வட கொரியாவை 2-1 என வென்று வெண்கலப் பதக்கம் பெற்றது. 1975இல் இங்கிலாந்திலிருந்து புகழ்பெற்ற ஆர்சனல் குழு மெர்டேக்கா அரங்கத்துக்கு வந்தது. நம் குழு அதை 2-0 என வீழ்த்தியது. இரண்டு கோல்களையும் போட்டவர் மொக்தார் டஹாரி. 1978இல் இங்கிலாந்தின் 'பி' குழு வந்து ஆடியபோது ஆட்டம் 1-1 எனச் சமநிலையில் முடிந்தது. அன்றும் மலேசியாவின் கோல் மொக்தாருடையதே. தற்காப்பில் சோ சின் ஆனும் சந்தோக் சிங்கும் சுவர்போல நின்றார்கள். சோ சின் ஆனை ரசிகர்கள் 'தவுக்கே' என்று செல்லமாக அழைத்தார்கள்.

கோல் கம்பத்தில் நின்றவர் ஆர். ஆறுமுகம். நீண்ட கைகளால் எட்டாத பந்தையும் எட்டிப் பிடித்ததால் அவருக்கு 'ஸ்பைடர்மேன்' என்று பெயர். 1980 ஏப்ரல் 6ஆம் நாள், மாஸ்கோ ஒலிம்பிக்கிற்கான தகுதி ஆட்டத்தில் மெர்டேக்கா அரங்கத்தில் மலேசியா தென் கொரியாவை 2-1 என வென்றது. சபா மாநிலத்தவரான ஹசான் சானி பந்தைக் கொடுக்க, அதே மாநிலத்தவரான ஜேம்ஸ் வோங் வெற்றிக் கோலைப் போட்டார். ஆனால் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்ததை எதிர்த்து மலேசியா அந்த ஒலிம்பிக்கைப் புறக்கணித்தது. தகுதி பெற்ற வீரர்கள் மாஸ்கோ போகவே இல்லை. ஆறுமுகம் 1988இல் சாலை விபத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 35. அந்தச் செய்தி வந்த நாள் பல தோட்டங்களில் துக்க நாளாகவே கழிந்தது என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன்.

இங்கே ஒரு கேள்வி எழும். இவ்வளவு பெரிய வீரர்களைச் சாதாரண மக்கள் எப்படி அவ்வளவு எளிதாகச் சந்தித்தார்கள்?

அந்நாளில் காற்பந்து அவர்களுக்குத் தொழில் அன்று. பகலில் அரசாங்க இலாகாவிலோ, வங்கியிலோ, போலீஸ் படையிலோ வேலை பார்த்தார்கள். மாலையில் பயிற்சி செய்தார்கள். நாம் நிற்கும் வரிசையிலேயே நின்று தபால்தலை வாங்கினார்கள். நாம் ஏறும் பேருந்திலேயே ஏறினார்கள். உறவினர் தோட்டத்தில் இருந்தால் திருவிழாவுக்கு வந்தார்கள். 1989இல்தான் இங்கு அரைத் தொழில்முறை லீக் தொடங்கியது. 1994இல் முழுத் தொழில்முறை லீக் வந்தது. அதன்பின் காற்பந்தையே தொழிலாகக் கொண்டு சம்பளம் பெறும் வீரர்கள் உருவானார்கள். அது ஆட்டக்காரர்களுக்கு நல்லதே. உழைப்புக்கு உரிய கூலி கிடைக்க வேண்டும் என்பதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் வீரருக்கும் மக்களுக்கும் இடையே இருந்த தூரம் அதிகரித்தது. நம் பெரியவர்களின் நினைவுகள் அந்தத் தூரம் குறைவாக இருந்த காலத்தைச் சேர்ந்தவை. ஆகையால் அவற்றுக்குத் தனி மதிப்பு உண்டு.

பயிற்றுநர்களையும் மறக்கக் கூடாது. நல்ல பயிற்றுநர் ஓர் ஆசிரியரே. கே. ராஜகோபால் சிலாங்கூருக்கும் நாட்டுக்கும் ஆடி, பிறகு பயிற்றுநரானவர். 2009இல் லாவோஸ் நாட்டில் நடந்த தென்கிழக்காசிய விளையாட்டுப் போட்டியில் அவருடைய இளைஞர் குழு வியட்நாமை வென்று தங்கம் பெற்றது. அதற்கு முன் மலேசியா அந்தத் தங்கத்தை வென்றது 1989இல். இருபது ஆண்டு இடைவெளி. அடுத்த ஆண்டே, 2010இல், தென்கிழக்காசிய வெற்றியாளர் கிண்ணத்தை மலேசியா முதன்முறையாக வென்றது. புக்கிட் ஜாலிலில் இந்தோனேசியாவை 3-0 என வென்று, ஜகார்த்தாவில் 1-2 எனத் தோற்று, மொத்தக் கணக்கில் 4-2 என முந்தியது. எஸ். குணாளன், கே. குருசாமி ஆகியோரும் அந்தக் குழுவில் இருந்தனர். அதே 2010இல் கிளந்தான் முதன்முறையாக மலேசியக் கிண்ணத்தை வென்றபோது அதன் பயிற்றுநராக இருந்தவர் பி. சத்தியநாதன்.

இனி, வீட்டு நினைவுகளுக்கு வருவோம். உதாரணத்துக்கு எங்கள் குடும்பத்து நினைவு ஒன்றைச் சொல்கிறேன்.

எங்கள் தோட்டத்தில் ஓர் இறுதியாட்டத்துக்குப் பரிசு கொடுக்க மாநில வீரர் ஒருவரும் ஒரு பயிற்றுநரும் வந்தார்கள். தோட்டத்துக் கிராணி அந்தப் பயிற்றுநருக்கு உறவு. எங்கள் பாட்டி நன்றாகச் சமைப்பார் என்பதால் மதியச் சாப்பாடு எங்கள் லயத்து வீட்டில். அந்த ஒரே நாளைப் பற்றி எங்கள் வீட்டில் மூன்று விதமான நினைவுகள் உண்டு.

அப்பாவுக்கு நினைவிருப்பது திடல். வெறுங்காலோடு ஆடிய பையன்களைப் பயிற்றுநர் வரிசையாக நிறுத்தினாராம். "தம்பி, பெருவிரலால உதைக்காதே. நகமும் போயிடும், பந்தும் எங்கேயோ போயிடும்" என்று சொல்லி, புறங்காலால் எப்படி உதைப்பது என்று தம் காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலாலேயே காட்டினாராம். அப்பா அதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். நான் இன்று என் மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிறேன்.

பாட்டிக்கு நினைவிருந்தது சாப்பாடு. "வேணாம்னு சொல்லாம ரெண்டாவது தடவையும் ரசம் வாங்கிக் குடிச்சான் அந்தப் பிள்ளை. சாப்பிட்ட இலையை அவனே எடுத்துட்டுப் போனான்" என்பார். வீரரின் புகழ் பாட்டிக்குப் பெரிதாகப் படவில்லை. அவருடைய பணிவுதான் பெரிதாகப் பட்டது.

அத்தைக்கு அப்போது ஒன்பது வயது. கதவோரம் ஒளிந்து நின்ற பெண் பிள்ளைகளைப் பார்த்து, "நீங்கள்லாம் பந்து ஆட மாட்டீங்களா?" என்று அந்த வீரர் கேட்டாராம். தோல் பந்தை அத்தையின் கையில் கொடுத்தாராம். அதுவரை எந்தப் பெண் பிள்ளையையும் அந்தப் பந்தைத் தொட யாரும் விட்டதில்லை. "எவ்வளவு கனமா இருந்துச்சு தெரியுமா!" என்று அத்தை இன்றும் கையை விரித்துக் காட்டுவார்.

சரி, இது எந்த ஆண்டு? இங்கேதான் வரலாற்றுப் பாடம் தொடங்குகிறது. நம் பெரியவர்கள் ஆண்டைச் சொல்ல மாட்டார்கள், அடையாளம் சொல்வார்கள். "வெள்ளைக்காரக் கூட்டத்தை நம்ம பையன்கள் தோற்கடிச்ச சமயம். ஊரெல்லாம் அதே பேச்சு" என்றார் பாட்டி. 1978இல் இங்கிலாந்து 'பி' குழுவுடன் ஆடிய ஆட்டம் சமநிலை. அது வெற்றி அன்று. ஆர்சனல் தோற்றது 1975இல். "உன் சின்னச் சித்தப்பா அப்போதான் தவழுறான்" என்றும் சொன்னார். சித்தப்பாவின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். 1974 என்று இருந்தது. அத்தை பிறந்தது 1966. ஒன்பது வயது என்றால் அதுவும் 1975தான். மூன்று அடையாளங்களும் ஓரிடத்தில் சந்தித்தன. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி, ஆண்டைத் துல்லியமாகத் தம் மனத்தில் வைத்திருந்தார் என்பது அப்போது விளங்கியது.

ஆனால் வந்த வீரர் யார் என்பதில் ஒற்றுமை இல்லை. அப்பா ஒரு பெயர் சொல்கிறார். அத்தை வேறொரு பெயர் சொல்கிறார். பாட்டி 'அந்த உயரமான பையன்' என்று மட்டுமே சொல்லி வந்தார். அன்று எடுத்த படம் ஒன்று எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. தொண்ணூறுகளில் தோட்டம் வீடமைப்புக்காக விற்கப்பட்டு, லயங்களைக் காலி செய்து வெளியேறியபோது, அந்தப் படம் எந்த மூட்டையில் போனதோ, காணாமற்போயிற்று. கிளப்பில் இருந்த கேடயங்களும் அப்படியே. திடல் இருந்த இடத்தில் இன்று கடைவரிசை நிற்கிறது. உறுதியில்லாத பெயரைச் சொல்வது அந்த வீரருக்கு நியாயம் செய்வதாகாது. ஆகவே நான் எந்தப் பெயரையும் இங்கே சொல்லவில்லை.

நேயர்களே, இந்நிலை எங்கள் குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பல இடங்களில் செம்பனையும் போய் வீடுகளும் தொழிற்சாலைகளும் வந்தன. பல்லாயிரம் குடும்பங்கள் பட்டணத்துக்குக் குடிபெயர்ந்தன. திடலும் கிளப்பும் பள்ளிக்கூடமும் இல்லாமற்போன பிறகு, அங்கு நடந்ததற்குச் சாட்சி நம் பெரியவர்களின் நினைவு ஒன்றுதான். மெர்டேக்கா அரங்கத்தில் நடந்த ஆட்டங்களைப் பத்திரிகைகள் எழுதி வைத்துள்ளன. தோட்டத்துத் திடலில் நடந்ததை எழுதி வைத்தவர் எவரும் இல்லை. அதை நாம்தான் எழுத வேண்டும்.

எப்படி எழுதுவது? ஒரு நோட்டுப் புத்தகம் போதும். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாமல் கேளுங்கள். அவர் சொன்ன சொற்களிலேயே எழுதுங்கள், அழகுபடுத்த வேண்டாம். கைப்பேசி இருந்தால் குரலையும் பதிவு செய்துகொள்ளுங்கள். "எந்த ஆண்டு?" என்று கேட்பதைவிட, "அப்போது நீங்கள் எந்த வெட்டுக்காட்டில் வேலை பார்த்தீர்கள்? வீட்டில் யார் கைக்குழந்தை? அந்த வாரம் வானொலியில் என்ன பேச்சு?" என்று கேளுங்கள். ஒரே நிகழ்ச்சியை இரண்டு மூன்று பேரிடம் தனித்தனியே கேளுங்கள். அவர்கள் மாறுபட்டுச் சொன்னால் சண்டை போட வேண்டாம். இருவர் சொன்னதையும் எழுதி வையுங்கள். பிறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், திருமண அழைப்பிதழ் ஆகியவற்றோடு ஒப்பிடுங்கள். 1924 முதல் 2019 வரை வெளிவந்த தமிழ் நேசன், 1935இல் தொடங்கிய தமிழ் முரசு போன்ற நாளிதழ்களின் பழைய இதழ்கள் நூலகங்களில் உள்ளன. சிங்கப்பூர்த் தேசிய நூலகம் பழைய நாளிதழ்கள் பலவற்றை இணையத்திலும் படிக்க வைத்திருக்கிறது.

வீட்டில் பழைய படம் இருந்தால், இன்றே அதன் பின்புறம் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். இடமிருந்து வலமாக ஒவ்வொருவர் பெயரும் இருக்கட்டும். புகழ்பெற்றவர் பெயரை மட்டும் எழுதிவிட்டு, பக்கத்தில் நிற்கும் நம் தாத்தாவின் பெயரை விட்டுவிடாதீர்கள். அந்தப் படத்தில் இருவருமே வரலாறு.

பிள்ளைகளே, உங்களுக்கும் ஒரு சொல். இன்றைக்கு வீரர்கள் தொலைவில் இருப்பதாகத் தோன்றலாம். ஆனாலும் பள்ளிப் போட்டிக்கு வரும் ஒரு பயிற்றுநரை, மாவட்ட ஆட்டத்தில் ஆடும் ஓர் அண்ணனை நீங்கள் சந்திக்கத்தான் போகிறீர்கள். அன்று வீட்டுக்கு வந்ததும் தேதி போட்டு, அவர் பெயரையும் அவர் சொன்னதையும் நாலு வரி எழுதுங்கள்.

அதற்கு முன், இந்த வாரம் தாத்தா பாட்டியின் அருகில் நோட்டுப் புத்தகத்தோடு உட்காருங்கள். அவர்கள் சொல்லத் தயாராகத்தான் இருக்கிறார்கள். கேட்க ஆள் வேண்டும்.